மாட்டுக்கும் உண்டு ஜாதகம்! காதில் தொங்கும் 12 இலக்கம் சொல்லும் கதை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைத் தாண்டி ஆரோவில் நோக்கி வருகிறவர்கள் இரண்டு காட்சிகளைத் தவறவிட முடியாது. ஒன்று, வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் உப்புக் குவியல்கள். இன்னொன்று, சாலையின் குறுக்கே ஹாரனுக்கும் அசையாமல் நிற்கும் மாடுகள். அவற்றின் காதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் ஒரு வில்லை தொங்கும். கம்மல் என்று சொன்னாலும் தப்பில்லை. அதில் 12 இலக்கங்களில் ஓர் எண்.

அந்த எண்தான் அந்த மாட்டின் ஆதார். இந்தியாவில் வேறு எந்த மாட்டுக்கும் அதே எண் கிடையாது. மாட்டின் வயது, இனம், எத்தனை ஈற்று, எந்தக் காளையின் விந்தில் சினை பிடித்தது, கடைசியாகக் கோமாரி ஊசி எப்போது போட்டது, உரிமையாளர் யார் என்று ஒரு முழு ஜாதகமே அந்த எண்ணுக்குப் பின்னால் கணினியில் இருக்க வேண்டும்.

‘இருக்க வேண்டும்’ என்பதைக் கவனியுங்கள். வில்லை காதில் இருப்பது வேறு. விவரம் கணினியில் இருப்பது வேறு. பல குடும்பங்களின் லாபமும் நஷ்டமும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கின்றன.

உப்பு ஓய்ந்தால் பசுதான் வங்கி

உப்பளத் தொழில் வெயிலை நம்பிய தொழில். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பாத்திகள் நீரில் மூழ்கிவிடும், வேலை நின்றுவிடும். அந்த மாதங்களில் பல வீடுகளில் அடுப்பை எரியவைப்பது கொட்டகையில் நிற்கும் ஒரு பசுவும், பட்டியில் அடைத்த நாலு ஆடுகளும்தான். பால் பணம் வாரச் செலவுக்கு. ஆட்டுக்கிடா பள்ளிக் கட்டணத்துக்கு. பசுங்கன்று கல்யாணச் செலவுக்கு. இது எந்தப் பாஸ்புக்கிலும் ஏறாத வங்கிக் கணக்கு.

இந்த வங்கிக்கு ஆபத்து வந்தால்? 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மனிதர்களோடு கால்நடைகளும் வெள்ளத்தில் போயின. இறந்த பசு, எருமைக்கு 37,500 ரூபாயும், ஆட்டுக்கு 4,000 ரூபாயும் நிவாரணமாகத் தமிழக அரசு அறிவித்தது.

அறிவிப்பு நல்லதுதான். ஆனால், வெள்ளம் இழுத்துக்கொண்டு போன மாடு தன்னுடையதுதான் என்று ஒருவர் எப்படி நிரூபிப்பார்? ‘எங்க வீட்டு செவலைங்க, நெத்தியில வெள்ளைச் சுழி இருக்கும்’ என்பது ஊருக்குத் தெரியும்; கோப்புக்குத் தெரியாது. காதில் எண்ணும், அந்த எண்ணோடு பெயரும் பதிவாகியிருந்தால் பேச்சு எளிதாக முடியும். காப்பீட்டிலும் இதே கதைதான். வில்லை இல்லையென்றால் இழப்பீடு கிடைப்பது குதிரைக்கொம்பு.

கல்லில் எழுதிய ஆட்டுக் கணக்கு

கால்நடைக்குக் கணக்கு எழுதுவது நமக்குப் புதிதல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதைக் கல்லில் செதுக்கி வைத்தவர்கள் நாம்.

சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டுமென்றால் பல நேரம் ஆடாகக் கொடுப்பார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று கணக்கு இருக்கிறது. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். எந்த இடையரிடம் எத்தனை உருப்படி, அவருக்குப் பிணை யார் என்பதெல்லாம் பெயரோடு சுவரில் இருக்கிறது. இன்றைய மொழியில் சொன்னால் அதுவும் ஒரு தரவுத்தளம்தான்.

அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் வைத்த பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. சாகவும் சாகாது, கிழடாகவும் ஆகாது. அதெப்படி? செத்த ஆட்டுக்கும் கிழட்டு ஆட்டுக்கும் பதிலாகப் பிறந்த குட்டியைச் சேர்த்துவிட வேண்டும். எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது.

மந்தை என்பது ஓடிக்கொண்டே இருக்கும் ஆறு மாதிரி என்று அன்றே புரிந்துவைத்திருந்தார்கள். ஆனால், கல்லில் பதிந்தது தலைக்கணக்கு மட்டும்தான். எந்த ஆடு நன்றாகப் பால் தந்தது, எது இரட்டைக் குட்டி போட்டது என்பது இடையரின் மனத்தில் மட்டுமே இருந்தது. அவரோடு அதுவும் போயிற்று.

இன்றைக்குத் தேவைப்படுவது அந்தத் தனித்தனிக் கணக்கு. 1895-ல் டென்மார்க்கின் வேயன் என்ற ஊரில் விவசாயிகள் ஒன்றுகூடி, ஒவ்வொரு மாடும் எவ்வளவு தின்கிறது, எவ்வளவு கறக்கிறது என்று எழுதத் தொடங்கினார்கள். உலகின் முதல் பால் பதிவுச் சங்கம் அதுதான். ‘நம்ம கொட்டகையில் எந்த மாடு நமக்குச் சோறு போடுது, எந்த மாட்டுக்கு நாம சோறு போடுறோம்?’ இதுதான் அவர்கள் கேட்ட கேள்வி.

கீழூர் பசுவும் ஒரு கணினியும்

இந்தக் கடற்கரைப் பகுதிக்கே சொந்தமான ஒரு கதையும் உண்டு. 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி வட்டாரக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர்தான் தலைமையிடம். அங்கிருந்து கிராமத்துக் கணினிகளுக்குத் தகவல் போகும். கடலோர வீராம்பட்டினத்தில் அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மற்ற ஊர்களில் பயிர் விலை, அரசுத் திட்டம், மருத்துவர்கள் பட்டியல் என்று தமிழிலேயே தொகுத்து வைத்தார்கள்.

அந்த ஊர்களில் ஒன்று கீழூர். 1954-ல் பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் பிரதிநிதிகள் இந்தியாவுடன் இணைய வாக்களித்தார்களே, அதே கீழூர்தான். 2000-ம் ஆண்டில் அங்கே ஒரு பெண்ணின் ஒரே கறவைப் பசு கன்று ஈன முடியாமல் ஐந்து நாட்கள் தவித்தது. வீட்டின் நல்ல வருமானமே அந்தப் பசுதான். விஷயம் ஊரில் கணினி இருந்த வீட்டுக்கு எட்டியது. சம்பளம் வாங்காமல் அதை இயக்கிவந்த இளம்பெண், சுற்றுவட்டாரக் கால்நடை மருத்துவர்களின் பட்டியலை எடுத்தார். அன்றிரவே ஒரு மருத்துவர் வந்தார். ஒற்றை பல்பு வெளிச்சத்தில் கையை உள்ளே விட்டு, கன்றின் காலில் கயிற்றைக் கட்டி இழுத்து வெளியே எடுத்தார்.

அமெரிக்கப் பத்திரிகை வரை போன செய்தி இது. இதில் பெரிய தொழில்நுட்பம் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒரு பெயர்ப் பட்டியல், அவ்வளவுதான்! ஆனால், சரியான விவரம் சரியான ராத்திரியில் கைக்குக் கிடைத்தது. தரவுத்தளத்தின் மொத்தப் பயனும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

மஞ்சள் வில்லை வந்த வழி

தேசியப் பால்வள வாரியம் உருவாக்கிய ‘இனாஃப்’ என்ற மென்பொருள்தான் இந்தியாவில் மாட்டுக்கு மாடு பதிவு செய்யும் வேலையைப் பெரிய அளவில் தொடங்கியது. சினை ஊசி, பால் அளவு, தீவனம், நோய், சிகிச்சை எல்லாம் காது எண்ணோடு சேர்த்து அதில் ஏறின. உள்ளூரில் கிடைக்கும் தவிடு, புண்ணாக்கு, பசுந்தீவனத்தை வைத்தே ‘இந்த மாட்டுக்கு இன்னது இத்தனை கிலோ’ என்று கணினி கணக்குப் போட்டுத் தரும் வசதியும் அதில் இருந்தது.

2019 செப்டம்பரில் கோமாரி, கருச்சிதைவு நோய் இரண்டையும் ஒழிக்கத் தேசியத் திட்டம் தொடங்கியது. ஐந்து ஆண்டுகளுக்கு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கீடு. மாடு, எருமைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோமாரித் தடுப்பூசி. 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்குக் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசி. ஊசி போட்ட கையோடு காது எண்ணையும் பதிய வேண்டும் என்பதால் மஞ்சள் வில்லை ஊர் ஊராகப் பரவியது. இனாஃபின் அடுத்த வடிவம்தான் ‘பாரத் பசுதன்’. 2024 மார்ச் 2-ம் தேதி பீகாரின் பேகுசராயில் பிரதமர் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். விவசாயிகள் பார்ப்பதற்கென்று ‘1962 பார்மர்ஸ்’ என்ற செயலியும் அன்றே வந்தது. 1962 என்பது கால்நடை மருத்துவ உதவிக்கான தொலைபேசி எண்ணும்கூட.

எவ்வளவு பெரிய வேலை இது? 2019-ல் எடுத்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் உள்ள கால்நடைகள் 53 கோடிக்கும் மேல். பசுவும் காளையும் மட்டுமே 19 கோடியைத் தாண்டும். கணக்கெடுப்பு தலையை எண்ணும். தரவுத்தளமோ தலைக்கு ஒரு பக்கம் திறந்து, பிறப்பு முதல் இறப்பு வரை எழுதிக்கொண்டே போக வேண்டும்.

ஒரு எண்ணால் என்ன லாபம்?

முதல் லாபம், உறவு தெரிவது. சினை ஊசிக்கு வரும் உறைவிந்துக் குச்சியில் காளையின் எண் அச்சிட்டிருக்கும். அதைப் பசுவின் எண்ணோடு சேர்த்துப் பதிந்தால், பிறக்கும் கன்றுக்குத் தகப்பன் யாரென்று தெரியும். இரண்டரை வருடம் கழித்து அந்தக் கிடேரிக்கு ஊசி போடும்போது அதே காளையின் குச்சியைத் தவிர்க்கலாம். பதியாவிட்டால், தகப்பனுக்கே மகளைக் கட்டிவைத்த கதையாகும். நெருங்கிய உறவில் பிறக்கும் கன்றுகள் நோஞ்சானாகும், பாலும் குறையும்.

காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம், ஆலம்பாடி போன்ற நம் நாட்டினங்களுக்கு இது இன்னும் முக்கியம். எண்ணிக்கை குறையக் குறைய, இருக்கிற காளைகளை மாற்றி மாற்றிச் சேர்ப்பதற்கு வம்சக் கணக்கு வேண்டும்.

ஆட்டுக்கும் இது பொருந்தும். வடதமிழகத்தின் ‘சென்னை சிவப்பு’ செம்மறிக்கு, காட்டுப்பாக்கத்தில் உள்ள கால்நடை ஆராய்ச்சி மையம் விவசாயிகளின் மந்தையிலேயே இந்த வேலையைச் செய்திருக்கிறது. குட்டி பிறந்ததும் காதில் எண். பிறந்த எடை, மூன்றாம் மாத எடை, ஆறாம் மாத எடை என்று வரிசையாகப் பதிவு. நன்றாக வளர்ந்த கிடாக்களைத் தேர்ந்தெடுத்து இனவிருத்திக்கு விடுவார்கள். பொதுவாக நம் ஊரில் நடப்பது இதற்கு நேர்மாறு. கொழுத்த கிடா முதலில் விலை போய்விடும். மெலிந்தது பட்டியில் தங்கி அடுத்த தலைமுறைக்குத் தகப்பனாகும்!

இரண்டாவது லாபம், நோயைத் துரத்திப் பிடிப்பது. 2001-ல் பிரிட்டனில் கோமாரி பரவியபோது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். நோய் இருப்பது தெரிவதற்கு முன்பே சந்தைகள் வழியாகச் செம்மறிகள் நாடு முழுக்கப் போய்விட்டன. மாடுகளுக்குப் பாஸ்போர்ட்டே இருந்த நாடு அது. ஆனால், செம்மறிகளுக்குத் தனித்தனி எண் அப்போது இல்லை. எது எங்கிருந்து எங்கே போனது என்று தேடுவதற்குள் காரியம் கைமீறிவிட்டது. 2022-ல் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களில் தோல் கழலை நோய் மாடுகளைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்ததை நாமும் பார்த்தோம். எந்த ஊரில் எத்தனை மாட்டுக்குத் தடுப்பூசி பாக்கி என்று ஒரு நொடியில் தெரிந்தால்தான் அடுத்த முறை முந்திக்கொள்ள முடியும்.

மூன்றாவது லாபம், வீட்டுக்கு. அதுதான் மிகப் பெரியது. அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

21 நாளின் விலை

பால் சங்கத்தில் காலையும் மாலையும் நம் பாலின் அளவும் கொழுப்பும் பதிவாகின்றன. ஆனால், அந்தக் கணினிக்கு நம் வீட்டைத் தெரியும், மாட்டைத் தெரியாது. மூன்று மாட்டுப் பாலும் ஒரே கேனில் கலந்து போகிறது. எந்த மாடு குறைத்தது என்பது கறப்பவருக்கு மட்டும்தான் தெரியும்.

பசு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அறிகுறி தெரிவது அரை நாளும் கொஞ்சமும்தான். காலையில் கத்தினால் மாலையில் ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலையில் ஊசி என்பது அனுபவக் கணக்கு. அந்த ஒரு நாளைத் தவறவிட்டால் அடுத்த 21 நாள் காத்திருக்க வேண்டும். ஒரு மாட்டுக்குத் தினமும் 150 ரூபாய் தீவனச் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 21 நாளுக்கு 3,150 ரூபாய். இரண்டு முறை தவறினால் 6,300 ரூபாய். யாரும் திருடவில்லை; ஆனால், பணம் போய்விட்டது. தேதி எழுதி வைக்காததற்குக் கொடுத்த விலை அது.

எந்த அரசுக் கணினியும் இந்த நாளைத் தானாகக் கண்டுபிடிக்காது. கொட்டகையில் நிற்பவர் சொன்னால்தான் உண்டு. அதனால், வீட்டிலேயே ஒரு சின்னத் தரவுத்தளம் தொடங்கலாம். 40 பக்க நோட்டு போதும். போனில் எக்ஸெல் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் இன்னும் நல்லது.

மாட்டுக்கு ஒரு பக்கம்: என்னென்ன எழுதலாம்?

● பக்கத்தின் தலையில் காது எண், பெயர், நிறம், வாங்கிய தேதி, விலை. கூடவே, வில்லை தெரியும்படி ஒரு போட்டோவும், முழு உடம்பு தெரியும்படி ஒரு போட்டோவும் போனில் இருக்கட்டும். அவற்றை உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். போன் நனைந்தாலும் சாட்சி நனையாது.

● பருவத்துக்கு வந்த தேதி. 21 நாள் கூட்டி அடுத்த தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள்.

● சினை ஊசி போட்ட தேதி, குச்சியில் உள்ள காளை எண். 60 முதல் 90 நாளுக்குள் சினைப் பரிசோதனை.

● ஈனும் தேதி. பசுவுக்கு ஊசி போட்ட நாளிலிருந்து சுமார் 280 நாள், எருமைக்கு சுமார் 310, ஆட்டுக்கு சுமார் 150. ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே கறவையை வற்றவிட வேண்டும். அந்தத் தேதியையும் குறித்துவிடுங்கள்.

● வாரத்தில் ஒரு நாள், இரு வேளையும் ஒவ்வொரு மாட்டின் பாலையும் தனித்தனியே அளந்து எழுதுங்கள். திடீரென்று குறைந்தால் மடிநோயா என்று பார்க்கலாம்.

● தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கொடுத்த மருந்து. குடற்புழு மருந்தை எடைக்குத் தக்கபடிதான் கொடுக்க வேண்டும். எடை மேடை இல்லையா? முன்னங்காலுக்குப் பின்னே நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதாலேயே பெருக்குங்கள். தோள்முனையிலிருந்து பிட்ட எலும்பு வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறத்தாழ கிலோ கணக்கு வரும். சுற்றளவு 60, நீளம் 50 என்றால் சுமார் 273 கிலோ.

பொய் சொல்லும் கணினி

கணினிக்கு உண்மை, பொய் தெரியாது, போட்டதைத்தான் காட்டும். மாட்டை விற்ற பிறகும் பழைய உரிமையாளர் பெயரிலேயே எண் நிற்பது, செத்த மாடு பதிவில் உயிரோடு இருப்பது, முள்வேலியில் காது கிழிந்து வில்லை விழுந்த மாட்டுக்குப் பழைய எண்ணை முடிக்காமல் புது எண் போடுவது, இலக்கை எட்டுவதற்காக அவசரத்தில் தப்பாகப் பதிவது என்று கோளாறுகள் பல வகை. கல்வெட்டில் ‘சாவா மூவா’ ஆடு கோயிலுக்கு விளக்கெரித்தது. கணினியில் சாவா மூவா மாடு இருந்தால் திட்டங்கள்தான் இருட்டில் போகும்.

அதனால் மூன்று விஷயங்களில் கறாராக இருக்க வேண்டும். மாட்டை வாங்கினாலும் விற்றாலும் கால்நடை மருந்தகத்தில் சொல்லிப் பெயர் மாற்றுங்கள். வில்லை விழுந்தால் மறுநாளே போய்ப் புதியதைப் போடுங்கள். காப்பீடு இருந்தால் அந்த நிறுவனத்துக்கும் எழுதிக் கொடுங்கள். வில்லை போட்ட இடத்தில் புண் வந்தால் ஈ மொய்க்குமுன் மருந்து போடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. கறப்பது, தீவனம் வைப்பது, சாணி அள்ளுவது, மாடு கத்தினால் ராத்திரியில் எழுந்து பார்ப்பது எல்லாம் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். ஆனால், பதிவில் ஏறுவது பல வீடுகளில் ஆணின் பெயரும் ஆணின் போன் எண்ணும். ‘உங்கள் மாட்டுக்குத் தடுப்பூசி நாள் வந்துவிட்டது’ என்ற செய்தி டீக்கடையில் இருப்பவரின் பாக்கெட்டில் விழுந்தால், கொட்டகைக்கு எப்படி வரும்? மாட்டைப் பார்த்துக்கொள்பவரின் எண்ணைப் பதியச் சொல்லுங்கள். காசு செலவில்லாத சீர்திருத்தம் இது.

ஆரோவில் செம்மண் மேட்டில் மரம் வளர்க்க வந்தவர்கள் ஆரம்ப ஆண்டுகளில் கன்றுகளைச் சுற்றி வேலி போட்டதே ஆடுமாடுகளுக்குப் பயந்துதான். இன்று அதே ஆடுமாடுகளின் எருவில்தான் அந்த வட்டாரத்து இயற்கைத் தோட்டங்கள் விளைகின்றன. கால்நடை பாரமா, வரமா என்பது அது எத்தனை, எப்படிப்பட்டது, எங்கே மேய்கிறது என்ற கணக்கைப் பொறுத்ததுதான்.

அடுத்த பருவமழைக்கு முன்பு ஒரு வேலை செய்யுங்கள். கொட்டகைக்குப் போய் உங்கள் மாட்டின் காதைத் துடைத்து, அந்த 12 இலக்கத்தைப் படித்து எழுதிக்கொள்ளுங்கள். மருந்தகத்துக்குப் போகும்போது ‘இந்த எண்ணில் யார் பேர் இருக்கு, என்னென்ன ஏறியிருக்கு, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க சார்’ என்று கேளுங்கள். தப்பாக இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். மழை வந்த பிறகு கேட்பதைவிட, வெயில் அடிக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.